ஏடும் திரையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை; மலர்க் குழுவினரின் விருப்பப்படி எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இம்மேடையில் ஏறுவதற்கு எனக்குள்ள தகுதி யாது என்று என்னையே நான் கேட்டுக்கொண்டேன். நான் தமிழ்ப் புலவனல்லன். கல்லூரி வாசலை மிதித்தவனுமல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, பதிவேடுகளை நிரப்புவதிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்தவன். ஆயினும், இளமையிலிருந்து இரண்டு பழக்கங்கள் என்னை விடவில்லை. ஒன்று கதைப் புத்தகம் படிப்பது. மற்றொன்று படக்கொட்டகைக்குப் போவது. முதற் பழக்கத்தை என் தந்தையார் மெச்சினார். இரண்டாவதற்கு அவரிடம் அடி வாங்கினேன். இவ்விரண்டையும் ஒருங்கே பேசச் சொல்லிச் சங்கச் செயலாளர் இன்று கட்டளையிட்டிருக்கிறார். அடி விழாது என்ற துணிவில் வந்து நிற்கிறேன்.

இப்பேச்சுக்குக் காரணமான நிகழ்ச்சியை உங்களிற் பலர் அறிவீர்கள். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது, நம் காலனியிலிருந்து நாற்பது பேர் கூட்டமாகச் சென்று பார்த்தோம். திரும்பி வரும் வழியிலேயே வழக்குத் தொடங்கிவிட்டது. “கல்கியைப் பாழாக்கிவிட்டார்கள்” என்றார் ஒரு பெரியவர். “படம் வராவிட்டால் கல்கி யாரென்றே எங்களுக்குத் தெரிந்திராதே, மாமா” என்றான் ஓர் இளைஞன். அன்று எழுந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. இரு தரப்புச் சாட்சிகளையும் உங்கள் முன் நிறுத்துவதே என் நோக்கம்.

நாம் வாழும் இந்தப் புனே நகரம் சினிமாவுக்குப் புதிய ஊரன்று. கோலாப்பூரில் 1929-இல் தொடங்கப்பெற்ற பிரபாத் நிறுவனம் 1933-இல் இந்நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்த மராட்டிய நிறுவனம் தமிழிலும் ஒரு படம் எடுத்தது. ‘சீதா கல்யாணம்’ என்ற அப்படத்தின் மூலமாகத்தான் பாபநாசம் சிவன் அவர்கள் சினிமா இசைக்கே அறிமுகமானார். பிரபாத் ஸ்டூடியோ இருந்த அதே இடத்தில் 1960-இல் திரைப்படக் கல்லூரி எழுந்தது. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இந்நகரிலேயே நிறுவப்பெற்றது. 2022-ஆம் ஆண்டு முதல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டு இயங்கி வருகிறது.

அக்காப்பகத்தில் நம்மவர் பொக்கிஷம் ஒன்று இருக்கிறது. கே. சுப்ரமணியம் இயக்கி 1939-இல் வெளிவந்த ‘தியாக பூமி’யின் பிரதி அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளது. கதை, கல்கி எழுதியது. சம்பு சாஸ்திரியாக நடித்தவர் அதே பாபநாசம் சிவன். அக்கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியர் வரைந்த சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்திலிருந்து எடுத்த புகைப்படங்களையே அச்சிட்டார்கள். வாசகர்கள் வாரந்தோறும் ஏட்டையும் திரையையும் ஒன்றாகவே கண்டார்கள். விடுதலை உணர்ச்சியை ஊட்டியதென்று வெள்ளை அரசாங்கம் அப்படத்துக்குத் தடை விதித்தது. படத்தைத் தடுத்தவர்களால், படித்தவர் நெஞ்சிலிருந்து கதையைத் தடுக்க முடியவில்லை. ஏட்டுக்கும் திரைக்கும் பகை என்று சொல்வோர் இந்தப் பழைய நட்பைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

நாவலைப் படமாக்குவது தமிழுக்குப் புதிதன்று. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் ‘மேனகா’ 1935-இலேயே திரைக்கு வந்தது. நாமக்கல் கவிஞரின் ‘மலைக்கள்ளன்’ 1954-இல் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமாகி, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. கல்கியின் ‘கள்வனின் காதலி’ 1955-லும், ‘பார்த்திபன் கனவு’ 1960-லும் படங்களாயின. அகிலனின் ‘பாவை விளக்கு’ம் அதே 1960-இல் வந்தது. எனவே, ‘கதை கிடைத்தால் சினிமாக்காரர் கெடுத்துவிடுவார்’ என்ற புலம்பலுக்கும் வயது எண்பதுக்கு மேல் ஆகிறது!

இனி, வழக்கின் நடுப்பொருளுக்கு வருகிறேன்.

‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, மூன்றரை ஆண்டு காலம் வந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். மணிரத்னம் அவர்களின் இரண்டு படங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். கணக்கெழுதும் தொழில் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அத்தியாயத்திற்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலாகக் கிடைக்கிறது. ஐம்பது மூட்டைச் சரக்கை ஒரு கைப்பையில் அடைக்கச் சொன்னால் எந்தக் கெட்டிக்காரனும் எதையேனும் பிளாட்பாரத்தில் விட்டுத்தான் வண்டியேறவேண்டும். எதை விட்டார் என்று சண்டை போடலாம். ஏன் விட்டார் என்று சண்டை போடுவது நியாயமன்று.

நாவல் எங்கே தொடங்குகிறது? ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக் கரையில், களைத்த குதிரையின்மேல் ஒரு வாலிபன் தனியே வருகிறான். எழுத்தாளர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் மெல்ல நடத்திச் செல்கிறார். ஏரியில் எத்தனை மதகு என்பதும், மக்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து உண்பதும் அவருக்கு முக்கியம். படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. கல்கி நம் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். படம் நம்மைத் தூக்கிக் களத்தின் நடுவில் போடுகிறது. வாரப் பத்திரிகை வாசகனுக்கு ஏழு நாள் அவகாசமிருந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது கிடையாது. இந்த மாறுதலை நான் குறையாகக் கொள்ளவில்லை.

ஆனால் இரண்டு இடங்களில் என் மனம் ஒப்பவில்லை. நாவலில் சம்புவரையர் மகள் மணிமேகலை என்றொரு பேதைப் பெண் வருகிறாள். வந்தியத்தேவன்மீது அவள் வைத்த அன்புக்குப் பயனேதும் கிட்டவில்லை. கதையின் முடிவில் அவன் மடியிலேயே உயிர் விடுகிறாள். அத்தனை அரசியலுக்கும் சூழ்ச்சிக்கும் பிறகு, அந்த ஒரு பெண்ணின் துயரத்தோடு கல்கி கதையை முடித்தார். படத்தில் அவள் இல்லவே இல்லை.

இரண்டாவது, மகுடத்தின் செய்தி. நாவலில் பூத்தொடுத்துச் சிவன் கோயில் கைங்கரியம் செய்துவந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மையான மைந்தன் என்று தெரியவருகிறது. அருள்மொழிவர்மர் தமக்கு வந்த மகுடத்தை அவன் தலையில் சூட்டுகிறார். நாம் முதற்பாகத்திலிருந்து ‘எளியவன்’ என்று எண்ணிக் கடந்துபோன ஒருவனே அரியணைக்கு உரியவன் என்று அறியும்போது, நம் அலட்சியத்திற்காக நாமே வெட்கப்படுகிறோம். படத்தில் மகுடம் மதுராந்தகருக்கே செல்கிறது. அங்கும் தியாகம் இருக்கிறது. அந்த வெட்கம் மட்டும் இல்லை. வரலாற்றோடு ஒட்டிப்போவதற்குப் படத்தின் முடிவே எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆதித்த கரிகாலன் மரணத்தையும் பாருங்கள். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்கிறது. ஆனால் கொலை நிகழ்ந்த விதத்தைச் சொல்லவில்லை. கல்கியும் அந்த இருட்டை இருட்டாகவே விட்டார். படமோ அம்மரணத்தை நந்தினியின் காதலுக்கும் பழிக்கும் முடிவாக ஆக்கிவிட்டது. அக்காட்சியைக் கண்டபோது என் கண் கலங்கிற்று; பொய் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து நாவலைப் புரட்டியபோது, கல்கி விட்டுவைத்த ஐயமே இன்னும் நெடுநேரம் தூக்கத்தைக் கெடுத்தது.

படத்தின் தரப்பிலும் சாட்சிகள் உண்டு. ரவி வர்மனின் ஒளிப்பதிவும், ரஹ்மானின் பின்னணி இசையும் தேசிய விருது பெற்றன. முதற்பாகமே சிறந்த தமிழ்ப்படமாகவும் தேர்வு பெற்றது. அவற்றுக்கும் மேலான ஒன்றைச் சொல்கிறேன். என் அலுவலகத்து மராட்டிய நண்பர் ஒருவர் படம் பார்த்துவிட்டு மறுநாள் என்னிடம் வந்து, “தஞ்சாவூரில் எங்கள் போன்ஸ்லே வம்சத்தார் ஆண்டது தெரியும், அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தனை பெரிய கப்பற்படை வைத்த அரசர்கள் இருந்தது தெரியாதே” என்றார். நான் இருபது ஆண்டுகளாக அவருக்குச் சொல்லாததைப் படம் இரண்டு மாலைகளில் சொல்லிவிட்டது.

அப்படியானால் நாவலை அப்படியே எடுப்பதுதான் நல்ல படத்துக்கு அடையாளமா? இல்லை என்பதே என் எண்ணம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைப் படித்துவிட்டு மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) பார்த்தால், வித்து இன்னது, மரம் இன்னது என்று தெரியும். இரண்டும் ஒன்றுபோல் இரா. ஆனாலும் தாயில்லாக் குழந்தைகளின் முகத்தில் படிந்த அந்தத் தனிமை இரண்டிலும் ஒன்றே. உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலையும் அவர் 1978-இல் அவ்வாறே தம் வழியில் எடுத்தார்.

அண்மையில் வந்த ‘அசுரன்’ (2019) பூமணியின் ‘வெக்கை’யிலிருந்து பிறந்தது. ‘வெக்கை’யில் கொலை செய்துவிட்டுக் காட்டில் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுச் சிறுவனின் கண்வழியே எல்லாம் நிகழ்கிறது. வெற்றிமாறன் அந்தக் கண்ணை மகனிடமிருந்து எடுத்துத் தந்தைக்குக் கொடுத்தார். நாவலில் காட்டின் வெப்பம் நம்மீது படர்கிறது. படத்தில் ஒரு தகப்பன் அடக்கிவைத்த பழைய நெருப்பு. நாவல் பேசாமல் விட்ட பஞ்சமி நிலத்தின் வழக்கைப் படம் உரத்துப் பேசிற்று. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் இரண்டையும் படியுங்கள், பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

திரைக்கு மட்டுமே இயலும் ஒன்றுண்டு. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ கதையில் நாகஸ்வரத்தைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும், வாசிப்பின் நாதம் நம் கற்பனையில்தான் ஒலிக்கவேண்டும். 1968-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் வாசிக்க, சிவாஜியின் கன்னமும் கழுத்தும் அதற்கேற்பத் துடித்தபோது, ஏடு செய்ய முடியாததைத் திரை செய்தது. அதுபோலவே, ஏட்டுக்கு மட்டுமே இயல்வதும் உண்டு. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்கா தன் மனத்துக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பக்கங்கள் எத்தனை! ஆசிரியரே திரைக்கதை எழுதி, பீம்சிங் இயக்கி, லட்சுமி தேசிய விருது பெறுமளவுக்கு நடித்தும்கூட, அந்த உட்பேச்சு முழுவதையும் திரையில் கொண்டுவர முடியவில்லை. அது யாருடைய குற்றமுமன்று; கண்ணால் காணக்கூடியதைத்தானே காமிரா காணும்!

அன்பர்களே, இதுவரை நான் பேசியது எளிது. இனிப் பேசப்போவது எனக்கே கடினம்.

படம் பார்த்து வந்த அன்றிரவு, அப்போது பதினோரு வயதான என் மகள், “அப்பா, அந்தப் பூக்காரப் பையன் சேந்தன் அமுதன் யார்? அவனுக்கு ஏன் கதையில் ஒன்றும் நடக்கவில்லை?” என்று கேட்டாள். “அவனுக்குத்தான் எல்லாமே நடந்தது, புத்தகத்தைப் படித்துப் பார்” என்று பெருமையோடு முதற்பாகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு மூடி என்னிடமே நீட்டினாள். “எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, அப்பா” என்றாள்.

அவள் குரலில் குறை இல்லை. மராட்டி நன்றாகப் படிப்பாள். ஹிந்தியும் ஆங்கிலமும் படிப்பாள். வீட்டில் தமிழ் பேசுகிறாளே, அது போதுமென்று நான்தான் இருந்துவிட்டேன். சங்க மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கியிருக்கிறேன். வீட்டில் ‘அ’னா ‘ஆ’வன்னா எழுதிக் கொடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை. கல்கியைச் சினிமா கெடுத்ததா என்று வழியெல்லாம் வாதாடி வந்தவன் நான். என் வீட்டில் கல்கிக்குக் கதவைச் சாத்தியவன் சினிமாக்காரனல்லன், நானேதான்.

மறுநாளே அந்த மராட்டிய நண்பரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் ‘சியாம்ச்சி ஆயி’யை நினைவூட்டினார். சானே குருஜி நாசிக் சிறையில் எழுதிய புத்தகம் அது. ஒருவன் தன் தாயைப் பற்றித் தோழர்களுக்கு இரவுதோறும் கதை சொல்கிறான். அத்தியாயங்களுக்கே ‘இரவு’ என்றுதான் பெயர். அப்படி 42 இரவுகள். ஆசார்ய அத்ரே அதை 1953-இல் படமாக்கினார்; தேசிய விருதுகள் தொடங்கிய முதலாண்டிலேயே தங்கப் பதக்கம் பெற்ற படம் அதுதான். “படம் அத்தனை புகழ்பெற்றும் புத்தகம் சாகவில்லை. ஏனென்றால், எங்கள் வீட்டில் என் தாய் அதை உரக்கப் படிப்பாள், நாங்கள் சுற்றி உட்கார்ந்து அழுவோம், அதன் பிறகுதான் படம் பார்த்தோம்” என்றார் நண்பர்.

அன்றிரவே தொடங்கினேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஓர் அத்தியாயம். நான் படிப்பேன், மகள் என் விரல் ஓடும் வரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரவுப் பணி வந்த நாட்களில் தடைப்பட்டது. 293 அத்தியாயங்களை முடிக்கப் பதினான்கு மாதமாயிற்று. முதற்பாகம் முடியும்போது, தலைப்புகளை அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூன்றாம் பாகத்தில் ஒரு பக்கம் அவள் படிக்க, ஒரு பக்கம் நான் படித்தேன். சேந்தன் அமுதனுக்கு முடிசூட்டிய இடத்தை அவளே வாசித்தாள். ‘ழ’கரம் மட்டும் இன்னும் முழுமையாக நாவில் ஏறவில்லை, அது அவள் தகப்பனுக்கே தகராறு. கடைசியில் மணிமேகலை இறந்தபோது புத்தகத்தை மூடிவிட்டு, “படத்தில் இவளை ஏன் விட்டுவிட்டார்கள்?” என்று கோபமாகக் கேட்டாள். கல்கிக்காகச் சண்டை போட நம் காலனியில் ஒரு புதிய ஆள் வந்துவிட்டதை எண்ணி மகிழ்ந்தேன். அந்த ஆளைக் கொட்டகையிலிருந்து புத்தகத்திடம் அனுப்பிவைத்தது படந்தான் என்பதையும் நான் மறக்கவில்லை.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணமுண்டு. நம் சங்க நூலகத்தின் இரண்டு பீரோக்களையும் அகற்றிவிட்டு, அவ்விடத்தில் பெரிய திரை ஒன்று மாட்டலாம் என்று நிர்வாகக் குழுவில் யோசனை நடப்பதாக அறிகிறேன். புத்தகம் எடுப்போர் ஆண்டுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்பது அவர்கள் வாதம். பதிவேட்டை நானும் பார்த்தேன், வாதம் உண்மைதான். அந்தப் பீரோவில் நம் முன்னோர் வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து, கோந்து தடவி, பைண்டு செய்துவைத்த தொடர்கதைகள் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்தவர்கள் இரயிலில் மூட்டை முடிச்சோடு சுமந்துவந்த புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை எடுக்க ஆளில்லை என்பதற்குக் காரணம், நம் பிள்ளைகளுக்கு அவ்வெழுத்து தெரியாதிருப்பதே. மருந்து சாப்பிடாத குற்றத்துக்காக மருந்துப் பெட்டியைத் தெருவில் எறியலாமா?

திரை வேண்டாமென்று நான் சொல்லவில்லை, தாராளமாக மாட்டுவோம். பீரோக்களை அதற்குப் பக்கத்திலேயே வைப்போம். மாதத்துக்கு ஒரு படம் காட்டுவோம். எந்தப் படம் காட்டுகிறோமோ, அதன் மூலக்கதையை முந்தைய நான்கு சனிக்கிழமை மாலைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். ‘சிற்றன்னை’ சிறிய புத்தகம், அதிலிருந்தே தொடங்கலாம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டபடியால் மலிவுப் பதிப்புகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. முதல் நான்கு சனிக்கிழமைகளுக்கு நானே வருகிறேன். மேலதிகாரியிடம் பணி நேரத்தை மாற்றிக்கொள்ள விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன்.

கல்கியைப் படம் கெடுத்ததா, வாழவைத்ததா என்ற வழக்குக்கு இப்போது என் சாட்சியத்தைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் புத்தகம் திறந்திருந்தால் படம் அதற்கு விருந்தாளி. விருந்தாளி வந்தால் வீடு களைகட்டும். புத்தகம் மூடிக்கிடந்தாலோ, விருந்தாளி போனபின் வீடு வெறிச்சோடிப் போகும். புத்தகத்தைத் திறந்து வைப்பது மணிரத்னத்தின் பொறுப்பன்று, வெற்றிமாறனின் பொறுப்புமன்று. அது தாய் தந்தையராகிய நம் பொறுப்பு.

வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, குழந்தைகளோடு உங்களை நூலக அறையில் எதிர்பார்க்கிறேன்.